தொண்டைக்குடாவில் தங்கிய குரல்

மத்தியதரைக் கடலில் ஸ்காலிரோ என்று ஒரு தீவு உண்டு. வெள்ளையடித்த வீடுகளும், நீல யன்னல்களும், துறைமுகத்துக் கடைகளுக்கு முன்னால் சட்டை காயப்போட்டதுபோல் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் கணவாய் மீன்களும், பிள்ளைகள் இடுப்பளவு இறங்கி நின்றாலும் கால்விரல்களை எண்ணிவிடக்கூடிய தெளிந்த தண்ணீரும் உள்ள தீவு. குடும்பத்தோடு போய்வர இதைவிட நல்ல இடம் கிடையாது என்று விளம்பரங்கள் சொல்லும், அது பொய்யும் இல்லை. அவை சொல்லாமல் விடுவது ஒன்றே ஒன்றுதான். தீவின் தெற்கே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற, தீவுக்காரர் தொண்டைக்குடா என்று சொல்கிற சின்னக் குடாவிலோ அதன் வாய்க்கு முன்னாலோ நின்று ஒரு பிள்ளை யாரையாவது கூப்பிட்டு, கூப்பிடப்பட்டவர் பதில் சொல்லாமல் விட்டால், அந்தக் குரல் அங்கேயே தங்கிவிடும். ஏழு வருடம் சத்தமில்லாமல் கிடந்து, ஏழாம் வருடம் அதே தேதியில், அதே நேரத்தில் எழும்பி, அன்று கூப்பிட்டபடியே கூப்பிடும். பதில் கிடைக்கும்வரை நாளுக்கு ஒருதரம் கூப்பிடும்.

ஏன் இப்படி என்று தீவுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. அவர்கள் கவலையெல்லாம் பதில் சொல்வதைப் பற்றித்தான். பெரியவர்கள் எவ்வளவு கத்தினாலும் குடா சட்டை செய்யாது, பிள்ளைகளின் குரலை மட்டும்தான் பிடித்துவைக்கும் என்பதால், ஸ்காலிரோவில் ஒரு பிள்ளை கூப்பிட்டால் உடனே குரல் கொடுப்பது பழக்கமாகி, பழக்கம் நாளடைவில் சட்டத்தையும் விடப் பெரிதாகிவிட்டது. அங்கே பாதிரியாருக்கும் குடும்பம் உண்டு, அவர் பூசையை நடுவில் நிறுத்திவிட்டுத் தன் மகனிடம் என்னடா என்று கேட்பார். நாவிதர் பாதி வழித்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். ரொட்டிக்கடை வாசலில் சண்டைபிடிக்கிற இரண்டு பெண்கள் திட்டை வாயில் வைத்துக்கொண்டே, இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரே நேரத்தில் சொல்வார்கள். இதனால் அந்தத் தீவுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் செல்லம் கூட. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தலைவலி சுற்றுலாக்காரர்களால் வந்தது. அவர்கள் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் குடைக்குக் கீழே புத்தகத்தோடும் பியரோடும் படுத்துவிடுவார்கள், பிள்ளைகள் அப்பா பார், அம்மா பார் என்று தொண்டை கிழியக் கத்தும், ஒருவரும் தலை நிமிரமாட்டார்கள். ஒரு கோடையில் நாற்பத்தொரு குரல்கள் ஒரேயடியாகத் திரும்பிவந்து, ஆளைத் தேடி ஊருக்குள் ஏறி, அடுப்படிகளில் நுழைந்து, தெரியாத மொழிகளில் கூப்பிடக் கூப்பிட, ஆடுகள் பால் மறுத்தன, கைக்குழந்தைகள் தூங்க மறுத்தன. ஊரார் மாறி மாறிப் பதில் சொல்லிப் பார்த்தார்கள். உரியவர் சொல்லாத பதிலைக் குரல் ஏற்பதில்லை. கொஞ்சம் யோசிப்பதுபோல் நிற்கும், மறுநாள் திரும்பவும் தொடங்கும். கடைசியில் ஊர்ச்சபை கூடி, கோடை முழுக்க முறைவைத்து ஒருவர் குறிப்பேட்டோடு குடாவில் உட்காருவது, பதிலில்லாத குரலையெல்லாம் முகவரியோடு எழுதுவது, ஏழு வருடம் கழித்து உரியவருக்குக் கடிதம் போடுவது என்று முடிவெடுத்தது. அந்தப் பொறுப்பு தபால் கந்தோர் ஸ்டமாத்தியாவின் தலையில் விழுந்தது. அவள் சிறுவயதில் ஜெர்மனியில் வளர்ந்தவள், நாற்பது தாண்டியவள், ஓயாமல் சிகரெட் பிடிக்கிறவள், பொறுமை அறவே இல்லாதவள்.

கடிதம் கிடைத்தவர்களில் பாதிப் பேர் வந்தார்கள். எழுபது வயது மனிதர் ஒருவர் வந்து, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அதே மகளின் பழைய குரலுக்கு, பார்க்கிறேன் கண்ணே, நன்றாக நீந்துகிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் வெட்கத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வராதவர்களின் குரல்கள் ஊரோடு ஊராகிவிட்டன. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வருகிற ஒரு குரலை வைத்துத் தபால் கந்தோர்க் கடிகாரத்தையே திருத்துவார்கள்.

அப்படி ஒரு கடிதம்தான் ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகரில் பஸ் ஓட்டுகிற ஞானரூபனின் வீட்டுக்கும் போனது.

"உங்கள் குடும்பத்துக்கு உரிய கூப்பிடுகுரல் ஒன்று எங்கள் தீவில் இருக்கிறது. சிறுவனின் குரல். மொழி எங்களுக்குத் தெரியவில்லை. ஜூலை பத்தொன்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வரும். கூப்பிடப்பட்டவர் நேரில் வந்து பதில் சொல்லவேண்டும். சொன்னபின் குரல் நின்றுவிடும், மறுபடி கேட்க முடியாது. பிள்ளைகளுக்குத் தொப்பி கொண்டுவரவும், வெயில் அதிகம்."

"உது ஏதோ ஏமாத்து வேலை, கிழிச்சு எறியும்," என்றான் ரூபன்.

அவன் மனைவி சுகிர்தா கிழிக்கவில்லை. கடிதத்தை மடித்து, மகன் நிறோஜனின் படத்துக்குப் பின்னால் செருகினாள். அந்தப் படத்தில் அவனுக்கு எட்டு வயது, முன்பல் இரண்டும் இல்லை. அவனுக்கு எப்போதும் எட்டு வயதுதான்.

ஏழு வருடங்களுக்கு முன் அவர்கள் நாலு பேராக அந்தத் தீவுக்குப் போயிருந்தார்கள். எந்தத் தீவுக்குப் போனாலும் ரைஸ்குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிற சனம் அல்லவா, இவர்களும் தூக்கிக்கொண்டு போய், வெளிநாட்டுக் கடற்கரையில் தட்டைவடையும் சம்பலும் வைத்துச் சாப்பிட்டு, பக்கத்துக் குடைக்காரரைத் தும்மவைத்து, சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். கடைசிநாள் உச்சிவெயிலில் சுகிர்தா கைக்குழந்தை தேனுகாவை மடியில் வைத்துக்கொண்டு, தலையிடியோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது, தண்ணீருக்குள் நின்ற நிறோஜன் எதையோ கூப்பிட்டுச் சொன்னது அரைத்தூக்கத்தில் காதில் விழுந்தது. அவள் பதில் சொல்லவில்லை. அவள் பருத்தித்துறைப் பக்கம் கடலோரத்தில் வளர்ந்தவள். உச்சிப்பொழுதில் தண்ணிக்கரையில் ஒரு குரல் கூப்பிட்டால் வாய் திறக்கக்கூடாது, ஒருதரம் கூப்பிடுவது மனிசரில்லை, மூன்றுதரம் கூப்பிட்டால்தான் மனிசர், ஏமாந்து பதில் சொன்னால் சொன்னவரை அது கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது அவளுக்கு அ ஆ படிக்க முன்பே படிந்த பாடம். அதனால் வாயைத் திறக்கவில்லை. அவனும் இரண்டாம்தரம் கூப்பிடவில்லை. அந்தக் கார்த்திகையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கார்த்திகை முடிய முன் அவன் இல்லை.

என் பிள்ளை என்னைக் கூப்பிட்டது, நான் பேசாமல் இருந்தேன். இதை அவள் ஏழு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை, தன்னை மன்னிக்கவும் இல்லை. அந்த வீட்டில் நிறோஜனின் உடுப்புகளோடு இன்னொன்றும் அலுமாரிக்குள் போனது. அண்ணா என்ற சொல். தேனுகா பேசத் தொடங்கிய மாசியில், அந்தச் சொல்லை வைத்துக் கூப்பிட அங்கே யாரும் இல்லை.

இந்தமுறை அவர்கள் மூன்று பேராகப் போய் இறங்கினார்கள். ரூபன் மனைவிக்காக வந்தான். தேனுகா கடலுக்காக வந்தாள். சுகிர்தா என்ன நினைத்து வந்தாள் என்பதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. பதில் சொல்லக்கூடாது என்று நினைத்து வந்தாள். பதில் சொன்னால் குரல் நின்றுவிடும். சொல்லாமல் விட்டால் நாளைக்கும் அம்மா என்று கூப்பிடுவான், நாளை மறுநாளும் கூப்பிடுவான், ஒவ்வொரு வருடமும் லீவு எடுத்துக்கொண்டு வந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒருதரம் பேசாமல் இருந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் பேசாமல் இருக்கத் தெரியும்.

குடாவில் அன்று முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஏழு வருடம் காத்துவைத்த குரலை உரியவரிடம் சேர்ப்பது அவர்களுக்குப் பாதி கல்யாணவீடு, பாதி செத்தவீடு. நல்ல உடுப்பு உடுத்தி, அத்திப்பழம் கொண்டுவந்து, கூழாங்கற்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டமாத்தியா சிகரெட்டை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்துக்கு, ஆளில்லாத தண்ணீருக்கு மேலே, இடுப்பளவு ஆழத்தில் நிற்கிற ஒரு பிள்ளையின் வாய் இருக்கக்கூடிய உயரத்திலிருந்து, அது வந்தது.

"தேனூ! அண்ணா சொல்லு. அண்ணா சொல்லு பாப்பம்!"

பிறகு பல்லில்லாத வாயால் காற்றுப்போகிற ஒரு சிரிப்பு. பிறகு அலை.

ரூபன் நின்ற இடத்திலேயே கற்களின்மேல் உட்கார்ந்துவிட்டான். ஏழு வருடம் அழாத மனிதன், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதான். சுகிர்தா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா என்ற சொல் எங்கே என்று தேடினாள். அது இல்லை. அவன் அவளைக் கூப்பிடவே இல்லை. மடியில் பிளாஸ்டிக் அகப்பையைக் கடித்துக்கொண்டிருந்த, பத்து மாதமான, ஒரு சொல்லும் தெரியாத தங்கச்சியைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

"என்னையெல்லோ கூப்பிட்டவன் எண்டு நினைச்சன்," என்றாள். ஏழு வருடப் பாரம் இறங்கியதில் அவளுக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். வந்தது பொறாமை.

"அம்மா, அது என்ர பேர்," என்று தேனுகா கடலைப் பார்த்து வாயைத் திறந்தாள். சுகிர்தாவின் கை தானாக எழும்பி அந்த வாயைப் பொத்தியது.

"கையை எடுங்கள்," என்றாள், பிள்ளை வாய் திறந்ததைப் பார்த்துவிட்ட ஸ்டமாத்தியா, ஜெர்மனில். "அது உங்களுக்கு வந்ததில்லை."

"இந்த நேரத்தில் இப்படிக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் பதில் சொல்வதில்லை."

"எங்கள் ஊரில் சொல்லாமல் விடுவதில்லை. இப்போது எங்கள் ஊரில் நிற்கிறீர்கள்."

சுகிர்தா கையை எடுக்கவில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு, ஒருதரம் கூப்பிடுவது மனிசரில்லை, மூன்றுதரம் கூப்பிட்டால்தான் மனிசர் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி, குடாவிலிருந்து ஊருக்குப் போகிற அறுபது படியும் ஏறினாள். செத்துப்போனவன் உச்சிவெயிலில், தண்ணீரில் நின்று, உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவன் நான் பெற்ற பிள்ளையே ஆனாலும் என்ன, மற்றதையும் விட்டுக்கொடுக்கமுடியாது. இது அவள் தனக்குச் சொன்ன நியாயம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, இவள் பதில் சொன்னால் அவன் குரல் நின்றுவிடும் என்பது. இரண்டில் எது பெரிது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் ஊர் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரொட்டிக்காரி ரொட்டியைக் கையில் தராமல் மேசையில் வைத்தாள். நாவிதர் ரூபனைக் கண்டு தலையை ஆட்டினார். பாவம், ஒரு பிள்ளையின் குரலை இப்படிக் காயவிடலாமா என்று அர்த்தம். ஊர்ப் பிள்ளைகள் மட்டும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் முதல்நாளே அந்தக் கூப்பிடுகுரலைப் பாடமாக்கி, சுகிர்தா குடும்பம் தங்கிய அறைக்கு முன்னால் இருந்த சந்தில் கயிறு அடித்துக்கொண்டு, ஒரு துள்ளலுக்கு ஒரு சொல்லாக, "அண்ணா, சொல்லு, பாப்பம்" என்று பாடினார்கள். தமிழே தெரியாத வாய்களிலிருந்து தன் மகனின் பேச்சு அதே இழுப்போடு வருவதைச் சுகிர்தா யன்னலில் நின்று கேட்டாள். யன்னலைச் சாத்தவும் மனம் வரவில்லை, திறந்துவைக்கவும் முடியவில்லை.

உரியவர் தீவில் இல்லாவிட்டால் குரல் கண்டபடி அலையும். உரியவர் தீவில் இருந்தால் அவரை நோக்கி வரும். அன்று பன்னிரண்டு ஐந்துக்கு அது குடாவில் இல்லை, படிகளில் ஏறி, சந்து முனையில், எலுமிச்சை மரத்தடியில் நின்று கூப்பிட்டது. கயிறு அடித்த பிள்ளைகள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். சுகிர்தா மகளின் வாயை ஒரு கையாலும் காதை மறு கையாலும் பொத்திக்கொண்டு கட்டிலில் இருந்தாள். பொத்தியது ஒரு காதைத்தான்.

"அம்மா, அவருக்கு எத்தினை வயசு?" என்று கேட்டாள் தேனுகா, கை எடுக்கப்பட்டதும்.

"எட்டு."

"எனக்குப் புரட்டாதியில எட்டு வருது." தேனுகா விரல்களை மடித்துப் பார்த்தாள். "வாற வருசம் நாங்கள் வந்தா நான் அவரை விடப் பெரிசு. பிறகு அவர் எனக்குத் தம்பி. பிறகெப்பிடி அண்ணா எண்டு சொல்லுறது?"

ரூபன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான், "பிள்ளை கேக்கிறது சரிதானே. அவனுக்கு இனி வயசு ஏறாது, சுகிர்தா. நீர் வருசா வருசம் வந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். இவள் வளர்ந்திடுவாள்."

"இவளையும் கூட்டிக்கொண்டு போனா என்ன செய்வியள்?"

"ஆர், நிறோவோ? ரோட்டைக் கடக்கேக்க தங்கச்சின்ர வண்டிலை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு வந்தவன். எங்க கூட்டிக்கொண்டு போவான்?"

மூன்றாம்நாள் பின்னேரம் நாலு மணிக்குக் கப்பல். சுகிர்தா காலையிலேயே யன்னல்களையெல்லாம் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துவாயை அடைத்து, ஏதாவது செய்துகொண்டிருக்கவேண்டுமே என்று ரைஸ்குக்கரில் அரிசியைப் போட்டாள். வெளியே நடமாட்டம் அடங்கியது. ஊர் முழுக்கக் கடையைச் சாத்திவிட்டுச் சந்தில் வந்து நிற்பது அவளுக்குத் தெரியும். ஒருவரும் தட்டவில்லை, ஒருவரும் திட்டவில்லை, முப்பது பேர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கதவுக்கு வெளியே இருந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு, உள்ளே, மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில், எட்டு வயதுப் பிள்ளை நின்றால் தலை வருகிற உயரத்தில், ஈரமும் உப்பும் மணக்க, அது கூப்பிட்டது.

"தேனூ! அண்ணா சொல்லு. அண்ணா சொல்லு பாப்பம்!"

சுகிர்தாவின் கை மகளின் வாயில் இருந்தது. கைக்குள் அந்த வாய் அசைந்தது. பிள்ளை அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக, கோபமில்லாமல், கழற்றினாள்.

"அம்மா, இது மூண்டாந்தரம்," என்றாள். "முந்தநாள் ஒருக்கா, நேற்று ஒருக்கா, இண்டைக்கு ஒருக்கா. மூண்டுதரம் கூப்பிட்டா மனிசர் எண்டு நீங்கதானே சொன்னனீங்கள்?"

அந்தப் பாடம் சுகிர்தா தன் தாயிடமும், தாய் தன் தாயிடமும் கேட்டுப் படித்தது. யாரும் அதைக் கணக்குப் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளை பார்த்துவிட்டது. அவன் ஏழு வருடம் கிடந்து, படியேறி, சந்து கடந்து, கதவு தாண்டி மூன்றுதரம் கூப்பிட்டிருக்கிறான். மனிசர்தான். அவள் பெற்ற மனிசர். அவள் கையை மடியில் போட்டாள்.

"சொல்லு, குஞ்சு," என்றாள். "கெதியாச் சொல்லு, போயிடப்போறான்."

தேனுகா காற்றைப் பார்த்து, புதுச்சொல்லைச் சொல்கிறவர்கள் சொல்வதுபோல இரண்டாக உடைத்து, "அண்... ணா," என்றாள்.

சிரிப்பு வந்தது. இந்தமுறை அது வழக்கமான இடத்தில் முடியாமல், இன்னும் கொஞ்சம் நீண்டு, பெருமையோடு ஒருதரம் மூச்சிழுத்து, பிறகு நின்றது. அறையில் ஈரமணம் போய்விட்டது. ரைஸ்குக்கரின் பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது. வெளியே சந்தில் முப்பது பேர் ஒரேயடியாக மூச்சுவிட்டார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள், கடைக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சுகிர்தா தரையில் உட்கார்ந்து, மகளின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஏழு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். மகள் எங்கும் போகவில்லை. பசிக்கிறது என்றாள்.

நாலு மணிக் கப்பல் தீவைச் சுற்றித் தெற்குப் பக்கமாகத்தான் போகும். அந்தப் பின்னேரம் குடாவில் குறிப்பேட்டோடு உட்காரும் முறை ஸ்டமாத்தியாவுடையது. கப்பல் தொண்டைக்குடாவின் வாய்க்கு நேரே வந்தபோது, கம்பியில் ஏறி நின்ற சின்ன உருவம் ஒன்று, கிடைத்த சொல்லை வாயில் வைத்துக்கொண்டிருக்க முடியாமல், கரையைப் பார்த்து முழுத்தொண்டையில் கத்தியது.

"அண்ணா! அண்ணோய்!"

பக்கத்தில் நின்ற தாயின் கை சட்டென்று எழும்புவதை ஸ்டமாத்தியா கண்டாள். அந்தக் கை வாய்க்குப் போகவில்லை. காற்றில் பறக்கப்போன பிள்ளையின் தொப்பியைப் பிடித்துக்கொண்டது.

ஸ்டமாத்தியா காது கொடுத்துக் காத்திருந்தாள். கரையில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. பதில் வரவில்லை. அவள் குறிப்பேட்டைத் திறந்து, தேதி எழுதினாள், நாலு மணி இருபது நிமிடம் என்று எழுதினாள், சிறுமி என்று எழுதினாள். யாரைக் கூப்பிட்டது என்ற இடத்தில், ரூபனிடம் கேட்டு இப்போது அர்த்தம் தெரிந்த அந்தச் சொல்லை எழுதினாள். முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கப்பல் சிறிதாகி மறையும்வரை யோசித்தாள். பிறகு அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஏழு வருடம் தள்ளி வருகிற தேதியை எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டாள்.